ஹைட்டி மிஷன் பள்ளித் திட்டம்: கட்டடத்துக்கு மூன்று நட்சத்திரம், வாத்தியார் சம்பளத்துக்கு ஐந்து

இந்த மிஷனுக்குப் பணம் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், மீதியைப் பொறுமை இருந்தால் படியுங்கள்: பணம் கொடுக்கலாம், ஆனால் நன்கொடைப் படிவத்தில் ‘கட்டட நிதி’ என்ற கட்டத்தில் டிக் போடாதீர்கள், ‘ஆசிரியர் சம்பளம்’ என்பதில் போடுங்கள்.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றால், கரீபியன் நாடான ஹைட்டியின் வடக்கே, காப்-ஹைட்டியன் நகரத்திலிருந்து லிம்பே போகிற சாலையை விட்டு மலைப்பக்கம் ஏறினால் வரும் ஒரு விவசாயக் கிராமத்தில் ஆலயமும் பள்ளியும் கட்டி நடத்தும் ஒரு சின்ன மிஷன். எங்கள் சபை சில வருடங்களாக அவர்களுக்குக் காணிக்கை அனுப்புகிறது, நானும் அவர்களுடைய வேலைக் குழுவோடு, அதாவது இங்கிருந்து சில நாள் போய்க் கைவேலை செய்துவிட்டு வரும் தொண்டர்களோடு, போய் வந்திருக்கிறேன். பெயர் போடமாட்டேன். நல்லதும் கெட்டதும் கலந்துதான் எழுதப்போகிறேன், அந்த மிஷனை நடத்துபவர்கள் திருடர்கள் இல்லை, பெயரைப் போட்டால் கெட்டது மட்டும்தான் சுற்றிவரும். தவிர ஹைட்டியில் இதே மாதிரி அமைப்புகள் ஏராளம், நான் சொல்வதில் பாதியாவது உங்கள் சபை ஆதரிக்கும் அமைப்புக்கும் பொருந்தும்.

முதலில் அங்கே ஏன் ஆலயமும் பள்ளியும் ஒன்றாக முளைக்கின்றன என்று புரிந்துகொள்ள வேண்டும். ஹைட்டியில் பத்துப் பள்ளிகளில் எட்டுக்கும் மேல் அரசு நடத்துவதில்லை. சபைகள், மிஷன்கள், தனி ஆட்கள், இவர்கள்தான் நடத்துகிறார்கள். ஞாயிறு ஆராதனைக்குப் போட்ட பெஞ்சு திங்கட்கிழமை வகுப்பறைப் பெஞ்சு, கரும்பலகையைக் குறுக்கே நிறுத்தினால் இரண்டு வகுப்புக்கு நடுவே சுவர். மலையில் இருக்கும் ஊருக்கு அரசுப் பள்ளி என்பது ஒன்றரை மணி நேர நடை, மழைக்காலத்தில் ஆறு பெருகினால் அதுவும் இல்லை. ஆகவே ஒரு போதகர் தகரக் கொட்டகை போட்டு நாலு பிள்ளைகளை உட்காரவைத்தால் அதுவே பள்ளி. நகரங்களில் இதைவிட மோசம், பிள்ளைக்குப் படிப்பு வருமா வராதா என்பது அதிர்ஷ்டம்தான் என்று லாட்டரிப் பள்ளி என்றே கிண்டல் செய்கிறார்கள். 2011ல் அரசு இலவசக் கல்வித் திட்டம் ஒன்று கொண்டுவந்தது, வெளிநாட்டு ஃபோன் அழைப்புக்கு நிமிடத்துக்கு 5 சென்ட், பணம் அனுப்பினால் ஒவ்வொரு தடவைக்கும் ஒன்றரை டாலர் என்று பிடித்து அதற்கு நிதி சேர்த்தார்கள். பள்ளிகளுக்குச் சேரவேண்டிய பணம் நேரத்துக்குச் சேரவில்லை என்பது அங்கே ஊரறிந்த புகார்.

சரி, கட்டடம். இதில் மிஷன் உண்மையாகவே நல்ல வேலை செய்திருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மனசு வரவில்லை. தலைநகரை நொறுக்கிய 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தை எல்லோரும் அறிவோம், ஆனால் பள்ளிக் கட்டடம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதற்கு முந்தைய 2008 நவம்பர் 7. தலைநகரை ஒட்டிய பெத்தியோன்வில்லில் போதகர் ஒருவர் நடத்திய பள்ளி, நிலநடுக்கமும் இல்லை புயலும் இல்லை, பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது தானாகவே இடிந்து விழுந்து 90 பேருக்கு மேல் செத்தார்கள். கம்பி போதாது, சிமெண்டு போதாது, மேலே மேலே மாடி. நல்ல எண்ணத்தோடு கட்டினாலும் ரிங் கம்பியை நெருக்கிக் கட்டாவிட்டால் தூண் நிற்காது. ‘வடக்கே நிலநடுக்கம் வராது’ என்று காப்-ஹைட்டியனில் டாக்ஸி ஓட்டுபவர்கூட உங்களிடம் சொல்வார். ஆனால் 1842 மே 7 நிலநடுக்கத்தில் அந்த நகரமே தரைமட்டமானது, பக்கத்து ஊரான மீலோவில், வடக்கை ஆண்ட கிறிஸ்டோஃப் ராஜா கட்டிய சான்-சூசி அரண்மனை இன்றைக்கு மொட்டைச் சுவராக நிற்பதற்கும் அதுதான் காரணம். 2018 அக்டோபரில்கூட அதே வடக்கில் போர்-த-பே பக்கம் 5.9 அளவில் குலுக்கியது.

இந்த மிஷன் கட்டிய ஆறு வகுப்பறைகளும் முதலில் சுவரை எழுப்பி, ஓரங்களைப் பல் பல்லாக விட்டு, அப்புறம் நடுவே தூணுக்குக் கான்கிரீட் ஊற்றும் முறையில் கட்டப்பட்டவை. சுவரும் தூணும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். 2010க்குப் பிறகு ஹைட்டிக் கொத்தனார்களுக்குப் பரவலாகப் பயிற்சி கொடுத்துச் சொல்லித்தந்த முறை இதுதான். ஹாலோ பிளாக் கல்லை நெஞ்சு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்த்து, உடைந்தால் அந்த லோடையே திருப்பி அனுப்புகிறார் மேஸ்திரி. மணல் ஆற்று மணல், மலையை வெட்டி எடுக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு மணல் இல்லை. மேலே தகரக் கூரை. இதில் சபை மூப்பர்களுக்கு வருத்தம், கான்கிரீட் தளம் போட்டால்தான் கட்டடத்துக்கு மரியாதை, நாளைக்கு மாடி எழுப்பலாம், புயலுக்கும் பறக்காது என்பது அவர்கள் வாதம். புயலைப் பற்றி அவர்கள் சொல்வது நியாயம்தான், 2016 அக்டோபரில் மேத்யூ புயல் தெற்கே கிராண்ட்-ஆன்ஸ் பகுதியில் தகரத்தை எல்லாம் உரித்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் 2010ல் ஆளைக் கொன்றது அந்தக் கனமான தளம். கடைசியில் தகரத்தையே வைத்து, கைமரத்தைச் சுவர் மேலே ஓடும் பீமோடு இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அந்தத் தகரத்தில் விழும் மழையைப் பிடிக்க ஒரு தொட்டியும் கட்டியிருக்கிறார்கள், என்னைக் கேட்டால் மொத்த வளாகத்திலும் உருப்படியான பொருள் அந்தத் தொட்டிதான். 2010 அக்டோபரில் காலரா வந்து பத்தாயிரம் பேர் அளவுக்குச் செத்த நாடு அது. 2022ல் திரும்பவும் வந்தது.

அஸ்திவாரம் தோண்டியது கொன்பிட் முறையில். ஒருவர் வயலில் எல்லோரும் இறங்கி வேலை செய்வது, சாப்பாடு வயல்காரர் பொறுப்பு, அடுத்த வாரம் அடுத்தவர் வயல், இது அங்கே பழைய வழக்கம். ஊர்க்காரர்கள் அப்படியே பள்ளிக்கும் வந்திருக்கிறார்கள். சிமெண்டு மூட்டை கழுதை மேலும் பெண்கள் தலை மேலும்தான் மலை ஏறியது. மிஷன் அச்சடித்த அழகான துண்டுப்பிரசுரத்தில் இது ஒரு வரிகூட இல்லை, டி-ஷர்ட் போட்ட எங்கள் குழுவின் படம் முழுப் பக்கத்துக்கு இருக்கிறது.

இப்போது அந்த வேலைக் குழுப் பயணத்துக்கு வருகிறேன், என் மதிப்பெண் இரண்டு. இருப்பிடம் குறை சொல்ல முடியாது, கொசுவலை, பக்கெட் குளியல், ஜெனரேட்டர் சாயங்காலம் மட்டும், இதெல்லாம் முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். சாப்பாடு அபாரம். அவரை போட்ட சோறு, பக்கத்தில் பிக்லிஸ் என்று முட்டைக்கோஸை வினிகரில் ஊறவைத்து நல்ல காரமாக ஒன்று, நம் நாக்குக்கு அப்படியே பிடிக்கும், நான் ஒரு பாட்டில் கேட்டு வாங்கிவந்தேன். மரவள்ளி மாவை இரும்புத் தட்டில் சுட்ட கசாவ், ஞாயிற்றுக்கிழமை பூசணி சூப். காபி அந்த மலையிலேயே விளைந்தது. பிரச்சினை சாப்பாட்டில் இல்லை, நாங்கள் போனதில்தான். அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு வசந்த விடுமுறை விடும் மார்ச் மாதத்தில்தான் குழுக்கள் வரும், அங்கே அது பள்ளி மும்முரமாக நடக்கும் பருவம். நாங்கள் தங்க இரண்டு வகுப்பறை, மருத்துவ முகாமுக்கு ஒன்று. அந்த வகுப்புப் பிள்ளைகள் மாமரத்தடியில் உட்கார்ந்தார்கள், மழை வந்த அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நன்றாக ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆசிரியர் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர், ஆகவே அவர் வகுப்பும் இல்லை. நாங்கள் சுவருக்கு வெள்ளை அடித்தோம். அந்த ஊரில் வெள்ளையடிக்கத் தெரிந்தவர்கள் வேலை இல்லாமல் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், ரொம்ப மரியாதையாக.

சாயங்காலம் நடந்த ‘பகிர்தல்’ நேரத்தில் இதை நான் சொன்னேன், குழுத் தலைவருக்குப் பிடிக்கவில்லை. ‘நேரில் பார்த்தவர்கள்தான் தொடர்ந்து கொடுப்பார்கள்’ என்பது அவர் பதில். வியாபாரக் கணக்காகப் பார்த்தால் அது சரி, நானே அதற்குச் சாட்சி. ஆனால் அப்படியென்றால் அதற்குப் பெயர் ஊழியம் இல்லை, விளம்பரச் செலவு, கணக்கிலும் அப்படியே எழுதட்டும்.

வாத்தியார் சம்பளத்துக்கு ஏன் ஐந்து நட்சத்திரம் என்று கேட்பீர்கள். அந்த ஊரில் காசு எப்படிப் புரள்கிறது என்று பார்த்தால் தெரியும். சோளம், அவரை, துவரை, மரவள்ளி, கிழங்கு, வாழை, கொஞ்சம் கோக்கோ, கொஞ்சம் காபி. விளைந்ததில் பாதி வீட்டுக்கு, மீதியை மதான் சாரா என்று சொல்லும் பெண் வியாபாரிகள் வாங்கிச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். பள்ளிக் கட்டணம் செப்டம்பரில், சீருடை செப்டம்பரில், புத்தகம் செப்டம்பரில், கையில் காசு வருவதோ அறுவடையில். முன்பெல்லாம் இந்த இடைவெளியை அடைத்தது பன்றி. ஒவ்வொரு குடியானவர் வீட்டிலும் கறுப்பாக, சின்னதாக, கிடைத்ததைத் தின்று வளரும் நாட்டுப் பன்றி இருக்கும், பள்ளி திறக்கும்போது ஒன்றை விற்றால் பிள்ளைகள் உள்ளே. 1980களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவுகிறது என்று அமெரிக்க உதவியோடு நாடு முழுக்க அந்தப் பன்றிகளைக் கொன்றார்கள். மாற்றாக வந்த அமெரிக்க வெள்ளைப் பன்றிக்கு விலைக்கு வாங்கிய தீவனம் வேண்டும், சிமெண்டுத் தரை வேண்டும், அதை வளர்ப்பவர் வீட்டிலேயே சிமெண்டுத் தரை கிடையாது. பள்ளியில் சேரும் பிள்ளைகள் எண்ணிக்கை அப்போது விழுந்தது. ஊரில் வயசானவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் நிலநடுக்கத்தைவிட இந்தப் பன்றிக் கதையைத்தான் கோபமாகச் சொல்கிறார்கள்.

அப்பா அம்மா கட்டணம் கட்டவில்லை என்றால் என்ன ஆகும்? பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவார்கள். பெரும்பாலான பள்ளிகளில் வாத்தியாருக்கு வேறு வருமானமே இல்லை என்பதால் கட்டணம் வராத மாதம் அவருக்குச் சம்பளமும் வராது, பிப்ரவரி வாக்கில் அவரும் தன் வயலுக்கோ, எல்லை தாண்டி டொமினிக்கன் பக்கமோ போய்விடுவார். கட்டடம் அப்படியே இருக்கும், பெயர்ப்பலகை இருக்கும், பிள்ளைகள் இருப்பார்கள், பாடம் நடத்த ஆள் இருக்கமாட்டார். இந்த மிஷன் செய்த புத்திசாலித்தனம், சம்பளத்தை வெளியிலிருந்து வரும் பணத்தில் பன்னிரண்டு மாதத்துக்கும் உறுதி செய்துவிட்டு, பெற்றோரிடம் வாங்கும் கட்டணத்தை அவரை அறுவடைக்கு அப்புறம் தவணையாக வாங்கிக்கொள்வது. கட்டணம் முழுக்க ரத்து செய்யவில்லை, தொகை சின்னதுதான் என்றாலும் ஊர்க்காரர்கள் தங்கள் பள்ளி என்று கேள்வி கேட்கிறார்கள், ஒரு வாத்தியார் அடிக்கடி லீவு போட்டபோது சண்டை பிடித்தது பெற்றோர்கள், மிஷன் அலுவலகம் இல்லை. அங்கே ஒன்பதாம் வகுப்பில் அரசுத் தேர்வு உண்டு, கல்வி அமைச்சின் அனுமதி இருந்தால்தான் பிள்ளைகளை அதற்கு அனுப்பமுடியும், அந்த அனுமதியும் வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் வேறு எந்த மிஷனுக்குக் கொடுத்தாலும் இந்த இரண்டையும் கேளுங்கள்: பிப்ரவரியில் சம்பளம் போட்டீர்களா, பிள்ளைகள் அரசுத் தேர்வு எழுதினார்களா.

பாடம் நடக்கும் விதத்தில் எனக்குக் குறை உண்டு. வீட்டில், சந்தையில், ஜெபத்தில் எல்லாம் கிரியோல், பாடப்புத்தகம் பிரெஞ்சு. மூன்றாம் வகுப்பில் ஒரு பத்தியை முழு வகுப்பும் ராகம் போட்டு ஒப்பித்தார்கள், அர்த்தம் கேட்டால் சிரிக்கிறார்கள். 1979லேயே தொடக்கப் பள்ளியில் கிரியோலைக் கொண்டுவரும் சீர்திருத்தம் வந்தது, 1987 அரசியல் சட்டம் அதை ஆட்சிமொழியாகவும் ஆக்கியது, ஆனாலும் பெற்றோர்களுக்குப் பிரெஞ்சில் படித்தால்தான் படிப்பு. தாய்மொழிக் கல்வியைப் பற்றி நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. மிஷன் முதல் இரண்டு வகுப்புக்குக் கிரியோல் வாசிப்புப் புத்தகம் வாங்கியிருக்கிறது, நன்றி, மீதிக்கும் வாங்குங்கள்.

மதியச் சாப்பாடு இன்னொரு விஷயம். அமெரிக்காவில் சபைப் பிள்ளைகள் சேர்ந்து பை பையாகக் கட்டும் உலர்ந்த அரிசி சோயா கலவை கண்டெய்னரில் வருகிறது, வாரத்தில் பாதி நாள் அதுதான். மீதி நாள் ஊரில் வாங்கிய சோளமும் அவரையும். இந்தப் பாதியை முழுசாக்கச் சொல்லித்தான் நான் அவர்களுக்கு எழுதிக்கொண்டே இருக்கிறேன். பிள்ளையின் அப்பா விளைவித்த அவரையைப் பள்ளியே விலைக்கு வாங்கினால் அந்தக் காசில்தானே அவர் கட்டணம் கட்டுவார்? இறக்குமதி அரிசி அந்த நாட்டை என்ன செய்தது என்பது ரகசியம் இல்லை. 1990களின் நடுவில் அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்குக் குறைக்க வைத்தார்கள், மானிய விலை அமெரிக்க அரிசி குவிந்து நெல் விளையும் ஆர்த்திபோனித் பகுதி விவசாயி நொடித்துப்போனார், அதற்குக் காரணமாக இருந்த முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டனே 2010 மார்ச்சில் செனட் குழு முன்னால் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். பை கட்டும் பிள்ளைகளுக்கு அது நல்ல அனுபவம்தான், மறுக்கவில்லை.

ஆலயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஞாயிறு ஆராதனை நீளம், பாட்டு அருமை, யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. போதகர் நல்ல மனிதர், சபைக்கு வராத வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார், வூடு என்ற, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அடிமைகள் வழி வளர்ந்த மதத்தின் பூசாரி ஒருவரின் பேத்தி வகுப்பில் முதல் மாணவி என்று அவரே பெருமையாகச் சொன்னார். ஆனால் நன்கொடை கேட்டு இங்கே வரும் கடிதங்களைப் பார்த்தால் வேறு ஊரைப் பற்றி எழுதினது மாதிரி இருக்கிறது: இருள், சாபம், பிசாசோடு ஒப்பந்தம். 1791 ஆகஸ்டில் அடிமைகள் புவா காய்மானில் கூடிச் சத்தியம் செய்து கிளம்பினதுதான் அந்தக் கதையின் மூலம். அந்த இடம் காப்-ஹைட்டியன் பக்கம்தான், ஊர்க்காரர்களுக்கு அது விடுதலையின் தொடக்கம். அவர்கள் கிளப்பிய கலகம் 1804 ஜனவரி 1ல் சுதந்திர நாடாக முடிந்தது. அதற்கு அபராதமாக, முன்பு அந்த நாட்டை ஆண்ட பிரான்ஸ் 1825ல் 15 கோடி ஃபிராங்க் கேட்டு மிரட்டியது, பிறகு 9 கோடியாகக் குறைத்தது, அதற்காக வாங்கிய கடன் 1947 வரை இழுத்தது. வறுமைக்குச் சாபம் தேடுபவர்கள் அந்தக் கணக்கைப் பார்க்கலாம். வூடுவுக்கு 2003லேயே அரசு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. இந்தக் கடிதங்களைக் கிரியோலில் மொழிபெயர்த்து அதே ஆலயத்தில் வாசிப்பார்களா என்று கேட்டேன், பதில் வரவில்லை.

கணக்கு வழக்கு பரவாயில்லை ரகம். வருடாந்திர அறிக்கை வருகிறது, ஆனால் கிராமத்திலிருந்து வரும் ரசீதுகளில் ‘டாலர்’ என்று இருந்தால் எந்த டாலர் என்று கேளுங்கள். அங்கே உள்ளூர்ப் பணமான கூர்டு ஐந்தைச் சேர்த்து ஒரு ‘ஹைட்டி டாலர்’ என்று வாய்க்கணக்குப் போடுவார்கள், நோட்டும் கிடையாது நாணயமும் கிடையாது. அமெரிக்க டாலருக்கு 130 கூர்டு அளவில் போகும்போது இரண்டுக்கும் வித்தியாசம் இருபத்தைந்து மடங்குக்கு மேல். ஒரு அறிக்கையில் இரண்டும் கலந்துவிட்டு ஒரு கதவின் விலையைப் பார்த்து எங்கள் சபைப் பொருளாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

பெரிய குறை நிலம். ஆலயம் பள்ளி இரண்டும் நிற்கும் இடத்தின் பத்திரம் போதகர் பெயரில் இருக்கிறது. அங்கே கிராமத்து நிலம் பெரும்பாலும் தாத்தா காலத்திலிருந்து பாகம் பிரிக்காமலே கிடக்கும், பங்காளி ஒருவர் மயாமியில் இருப்பார், இன்னொருவர் பத்து வருடம் கழித்து வந்து வழக்குப் போடுவார். சர்வேயர் அளந்து நோட்டரி முன்னால் எழுதியிருக்கிறார்கள், அதுவரை சரி, ஆனால் நல்ல போதகருக்கும் பிள்ளைகள் உண்டு, அவர்கள் எப்படியோ யாருக்குத் தெரியும். ஊர்ச் சங்கம் அல்லது பதிவு செய்த சபை பெயருக்கு மாற்றுகிறோம் என்று சொல்லி வருகிறார்கள். மாற்றட்டும், கட்டடத்துக்கு நான்காவது நட்சத்திரம் அன்றைக்குத் தருகிறேன்.

போகலாமா என்று கேட்பவர்களுக்கு: இப்போது பயணம் கிடையாது, அவர்களே நிறுத்திவிட்டார்கள். 2021 ஜூலையில் ஜனாதிபதி மொயீஸ் கொல்லப்பட்டார், அக்டோபரில் 17 மிஷனரிகள் தலைநகருக்கு வெளியே கடத்தப்பட்டார்கள், 2024 நவம்பரில் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் இறங்க வந்த விமானத்தைச் சுட்ட பிறகு அமெரிக்க விமானங்கள் அங்கே போவதை நிறுத்திக்கொண்டன. வடக்கு அந்த அளவுக்கு மோசமில்லை என்றாலும் வேலைக் குழுவைக் கூட்டிப்போகும் நேரம் இது இல்லை. குழுக்கள் நின்ற பிறகும் பள்ளி நடந்துகொண்டுதான் இருக்கிறது, தலைநகரிலிருந்து தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சேர்ந்ததில் வகுப்பு நிரம்பி வழிகிறது, அதனால் இன்னும் இரண்டு வாத்தியார்களுக்குச் சம்பளம் தேடுகிறார்கள்.

வரிவிலக்கு ரசீது வருமா என்று பலரும் தனியாகக் கேட்கிறீர்கள். வரும், ஜனவரி கடைசியில் மெயிலில் வரும், ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். மாதாமாதம் கார்டில் பிடிக்கும்படி போட்டால் தானாகவே ‘பொது நிதி’க்குப் போய்விடும், குறிப்பு எழுதும் இடத்தில் ஆசிரியர் சம்பளம் என்று எழுதிவிட்டு அலுவலகத்துக்கும் ஒரு மெயில் போட்டுவிடுங்கள், ஒரு வாரத்தில் மாற்றிவிடுவார்கள்.